அப்பத்தாவின் பட்டு... பேத்தியின் மேடை!

பள்ளிக்கூடத்தில் நடன நிகழ்ச்சிக்குப் பெயர் கேட்கும்போது உயரும் கைகள் ஓர் எண்ணிக்கை. “டிரெஸ் வாடகைக்கு நாளைக்குக் காசு கொண்டுவரணும்” என்று டீச்சர் சொன்ன பிறகு மிச்சமிருக்கும் கைகள் இன்னோர் எண்ணிக்கை. இந்த இரண்டுக்கும் நடுவே சத்தமில்லாமல் கீழே இறங்கிய கைகளைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

அந்தப் பிள்ளைகள் “வீட்டில் காசில்லை” என்று சொல்ல மாட்டார்கள். “எனக்கு டான்ஸ் பிடிக்கலை டீச்சர்” என்பார்கள். “கால் வலிக்குது” என்பார்கள். வீட்டிலும் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் மற்ற பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும்போது ஜன்னலோரம் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில் காலை மட்டும் தட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் பிடிக்காத பிள்ளை ஏன் அடவைத் தட்டிப் பார்க்கிறது என்று யோசித்தால் காரணம் புரிந்துவிடும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய ‘கலைத் திருவிழா’ வந்த பிறகு, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் மேடை கிடைத்திருக்கிறது. பள்ளி அளவில் ஆடி ஜெயித்தால் வட்டாரம், அதில் ஜெயித்தால் மாவட்டம், பிறகு மாநிலம். மேடை இலவசம்தான், ஆனால் உடை இலவசம் இல்லையே! ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக வாடகை கொடுக்க வேண்டியிருந்தால், ஜெயித்த பிள்ளையின் அம்மாவுக்கு சந்தோஷத்தோடு சேர்ந்து வயிற்றில் புளியும் கரையும்.

இதற்கு வழி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பீரோவின் அடித்தட்டிலும், பரண் மேலிருக்கும் டிரங்குப் பெட்டியிலும், தையல்கடை மூலையிலுள்ள வெட்டுத்துணி மூட்டையிலும்.

*பருத்திக் காட்டில் துணிக்கா பஞ்சம்?*

அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர் என்று நீளும் கரிசல் காட்டைப் பாருங்கள். தண்ணீர்தான் அங்கே பஞ்சம், துணி இல்லை. கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண் அது. அருப்புக்கோட்டை இன்றைக்கும் தறிச்சத்தம் கேட்கும் ஊர். விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ‘பி.எம். மித்ரா’ ஜவுளிப் பூங்கா அமைக்கப்படும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். நாடு முழுக்கத் தேர்வான 7 இடங்களில் இதுவும் ஒன்று. நூற்பு, நெசவு, சாயம், தையல் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்க வேண்டும் என்பது திட்டம்.

நாளைக்கு ஊருக்கே துணி போகப்போகிற குமாரலிங்கபுரத்தில், இன்றைக்கு ஒரு பிள்ளை உடை இல்லை என்று மேடையேறாமல் இருந்தால் அது நன்றாகவா இருக்கும்?

*மிச்சத்தில் செய்வது மட்டமா?*

“பழைய சேலையில் தைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று தயங்குபவர்களுக்காக ஒரு சின்ன வரலாறு.

இன்றைக்கு நாம் ‘பரதநாட்டிய டிரெஸ்’ என்று சொல்கிற, தைத்த விசிறி மடிப்பு உடை ஆதிகாலத்திலிருந்து வந்ததல்ல. அதற்கு முன் ஆடியவர்கள் பைஜாமாவுக்கு மேல் சேலையைத்தான் சுற்றிக் கட்டினார்கள். 1935-ல் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறினார். கோயில் சிற்பங்களைப் பார்த்து அவர் யோசித்த உடைகளைத் தைக்க உதவியவர் மேடம் கஸான் என்ற இத்தாலியப் பெண்மணி. அடுத்த ஆண்டு ‘கலாக்ஷேத்ரா’ பிறந்தது. ஒரு நல்ல சேலை, கொஞ்சம் யோசனை, கை தேர்ந்த ஒரு தையல்காரர். அந்த உடையின் தொடக்கமே இவ்வளவுதான்.

நாட்டுப்புறக் கலைகள் இன்னும் ஒரு படி மேலே. பொய்க்கால் குதிரை மூங்கில் பிளாச்சு, காகிதம், துணியில் பிறக்கிறது. வடமாவட்டத் தெருக்கூத்தில் ராஜாவின் கிரீடமும் புஜக்கட்டையும் எடை குறைந்த கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. மதுரை சித்திரைத் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சும் அழகர் வேடக்காரர்களின் வெல்வெட் குல்லாயும் சல்லடமும் பல காலம் மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புதுமண்டபத் தையல்காரர்கள் கையால் உருவானவை. கடல் தாண்டினாலும் இதே கதைதான். இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையோர ஊர்களில் ‘மோரிஸ்’ ஆட்டம் ஆடுபவர்கள் பழைய கோட்டின் மேல் கந்தல் துணி நாடாக்களை வரிசையாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சுழன்று ஆடும்போது கோழி சிலிர்த்ததுபோல் இருக்கும்!

ஆக, மிச்சத்துணி மேடைக்குப் புதிதல்ல. வாடகை உடைதான் புதிது.

*முதலில் சேகரிப்பு*

தேட வேண்டியவை இவைதான்:

* கட்டாமல் வைத்திருக்கும் பட்டு அல்லது பட்டு மாதிரிச் சேலை ஒன்று. அப்பத்தா, அம்மாச்சி, அத்தை யாரிடமாவது நிச்சயம் இருக்கும்.

* தாம்பூலத்தோடு வந்த ஜாக்கெட் பிட்டுகள். வீடு வீடாகச் சுற்றி, யார் கொடுத்தது என்றே தெரியாமல் திரும்ப நம்மிடமே வந்து சேருமே, அவைதான்!

* பொன்னாடைகள். விழாவில் போர்த்தியதோடு சரி, யாரும் பயன்படுத்துவதில்லை. தலைமையாசிரியர் வீட்டிலும் ஊர்ப் பெரிய மனிதர் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், மூட்டையாகக் கிடைக்கும். மஞ்சள், சிவப்பு, ஜரிகை மினுமினுப்பு என எல்லாமே மேடைக்கு ஏற்றவை.

* உள்துணிக்குப் பழைய வெள்ளை வேட்டி. 1983-லிருந்து பொங்கலுக்குத் தருகிற இலவச வேட்டி சேலைகூட இதற்குப் போதும்.

* போன வருஷத்து தினசரி காலண்டர் அட்டை, தடித்த கல்யாணப் பத்திரிகைகள், அறுந்த பாசிமணி, ஒற்றைத் தோடு, பழைய ரெக்சின் பை.

கடையில் வாங்க வேண்டியது ஊசி, நூல், ஹூக், நாடா, எலாஸ்டிக் மட்டும்.

சேலை கேட்கும்போது ஒரு விஷயம். பல வீடுகளில் பழைய பட்டைத் தெருவில் வரும் வியாபாரியிடம் போட்டுவிடுவார்கள். அவர் வாங்குவது சேலைக்காக அல்ல, ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக. கல்யாணச் சேலை உருக்கப்படுவதைவிட, அதே பார்டர் பேத்தியின் இடுப்பில் மின்னுவது எந்த அப்பத்தாவுக்கும் பிடிக்கும். ஆனால், கேட்காமல் வெட்டாதீர்கள். “அப்பத்தா, உங்க சேலையை வெட்டித்தான் தைக்கணும். சம்மதமா?” என்று நேராகக் கேளுங்கள். “நான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்த்தா” என்றால், வேறு சேலை பாருங்கள்.

*சேலைக்கு ஒரு பரிசோதனை*

பழைய பட்டு, மடித்த இடத்தில்தான் முதலில் விடும். சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே பிடித்து லேசாக இழுங்கள். இழை விலகினால் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். வெட்டும்போது அந்தக் கோடு தையலுக்குள்ளோ, கழிவிலோ போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணி மொத்தமாகவே நைந்திருந்தால், பின்னால் பழைய வேட்டித் துணியை வைத்துக் கட்டம் கட்டமாக ஓட்டுத்தையல் போட்டுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். மேல்துணி அழகுக்கு, கீழ்த்துணி பலத்துக்கு.

அது பட்டா, பாலியஸ்டரா என்று சந்தேகமா? ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து வாசலில் வைத்துக் கொளுத்துங்கள் (இது பெரியவர்கள் வேலை). முடி பொசுங்கும் வாடை வந்தால் பட்டு. காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணிபோல் உருண்டால் பாலியஸ்டர். தெரிந்துகொள்வது இஸ்திரிச் சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் முக்கியம். அக்கினிச் சட்டி, விளக்கு, கற்பூரம் வைத்து ஆடும் நிகழ்ச்சி என்றால் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம்.

*ஒரு சேலை, ஐந்து துண்டு*

பத்து வயதுப் பிள்ளை, சுமார் 135 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். சேலை ஐந்தரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 115 செ.மீ. அகலம். கணக்கு இப்படி:

விசிறி: முந்தியில் 70 செ.மீ.
பைஜாமா: ஒரு காலுக்கு 95 செ.மீ. வீதம் 190 செ.மீ.
மேலாக்கு: 100 செ.மீ.
ரவிக்கை: 70 செ.மீ.
பின்பக்கத் துண்டு: 50 செ.மீ.

கூட்டினால் 480 செ.மீ. மிச்சம் 70 செ.மீ. இடுப்புப் பட்டைக்கும் ஒட்டுக்கும் போதும். சேலை நிறைய நைந்திருந்தால் ரவிக்கையைத் தாம்பூல ஜாக்கெட் பிட்டில் தைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை வேறு நிறத்தில் இருப்பது எடுப்பாகவே தெரியும்.

விசிறிதான் உயிர்நாடி. முந்தித் துண்டின் 115 செ.மீ. அகலத்தை 3 செ.மீ. மடிப்புகளாக மடியுங்கள். ஒரு மடிப்பு 6 செ.மீ. துணி எடுக்கும் என்பதால் சுமார் 19 மடிப்பு வரும். முந்தியின் ஜரிகைப் பட்டை கீழே, குறுக்காக வரவேண்டும். மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் தற்காலிக ஓட்டுத்தையல் போடுங்கள். மேலே பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, ஒரு ராத்திரி மெத்தைக்கு அடியில் வையுங்கள். மறுநாள் மேல் தையலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிரித்துவிடலாம். பின்பக்கம் ஒரு நாடாவைத் தளர்வாகத் தைத்தால் மடிப்புகள் கலையாது.

பைஜாமாவில் கவட்டுப் பகுதிதான் கவனிக்க வேண்டிய இடம். சாதாரண பைஜாமா தைத்தால் அரைமண்டியில் உட்கார்ந்ததும் கிழியும். அந்த இடத்தில் ஒரு சாண் அளவு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தையுங்கள். தையலும் இரட்டைத் தையலாக இருக்கட்டும். கணுக்காலில் சேலை பார்டர் வரும்படி பார்த்துக்கொண்டால் சலங்கைக்கு மேலே அழகாகத் தெரியும்.

விசிறியின் மேல்முனை இடுப்பில். இரண்டு ஓரங்களும் பைஜாமாவின் இரண்டு கால்களின் உட்புறத்தில் பிடித்துத் தைக்கப்பட வேண்டும். முழங்கால்கள் இரண்டு பக்கமும் விலகும்போது மடிப்பு தானாக விரியும். எழுந்தால் மூடிக்கொள்ளும். ஓரங்களைத் தைக்கும் முன் பிள்ளையை முழு அரைமண்டியில் உட்காரவைத்து, அந்த நிலையிலேயே பின் குத்தி அளவு எடுங்கள். நிற்கும்போது எடுத்த அளவு ஆடும்போது உதவாது.

மேலாக்கை மடிப்பு வைத்துத் தைத்து, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் கொண்டுவாருங்கள். தோளிலும் இடுப்பிலும் ஹூக் போடுங்கள். மேடையில் ஊக்கு கழன்று குத்தினால் பிள்ளைக்கு ஆட்டமே மறந்துபோகும். வளரும் பிள்ளை என்பதால் ரவிக்கையின் பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலமும், பைஜாமா அடியில் இரண்டு அங்குலமும் விட்டுவையுங்கள். அடுத்த வருஷமும் இதே உடை பொருந்தும்.

*நகைக்கு காலண்டர் அட்டை*

சிவகாசி பக்கத்திலிருக்கும்போது அட்டைக்கு என்ன குறை? நெற்றிச்சுட்டி, தலையில் வைக்கும் சூரியன், சந்திரன், ராக்கொடி போன்ற தட்டையான உருப்படிகளுக்கு தினசரி காலண்டர் அட்டை அருமையான பொருள். வரைந்து வெட்டி, கல்யாணப் பத்திரிகையின் தங்கநிறப் பகுதியை ஒட்டி, அறுந்த மாலையின் மணிகளையும் தோட்டுக் கற்களையும் பதித்துவிடலாம். பின்பக்கம் துணி ஒட்டி, இரண்டு ஓட்டை போட்டு நாடா கோக்க வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளின் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்து வரைந்தால் வடிவம் தப்பாது.

ஒட்டியாணத்துக்கு அட்டை உதவாது. வளைத்தால் உடையும். பழைய பெல்ட் அல்லது ரெக்சின் பையின் பட்டையில் ஜரிகை பார்டரைச் சுற்றித் தையுங்கள். ஜடைக் குஞ்சலத்துக்குக் கறுப்பு உல்லன் நூலும், மிஞ்சிய ஜரிகை இழைகளும் போதும்.

சலங்கையை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டாம். பெரிய பிள்ளைகளிடம் கடன் வாங்குங்கள். வார் பிய்ந்துபோன பழைய சலங்கை கிடைத்தால், மணிகளைக் கழற்றித் தடித்த ரெக்சினில் வரிசையாக, மெழுகு தடவிய நூலால் தைத்து, உள்பக்கம் பருத்தித் துணி கொடுத்துவிடலாம். கண்ணாடிச் சில்லு, கூரான தகடு எதுவும் உடம்பில் படும் இடத்தில் இருக்கக் கூடாது.

*எட்டுப் பேர் ஆடும் ஒயிலாட்டமா?*

குழு நடனத்தில் பிரச்னை வேறு. ஏழு பேர் பளபளவென்று வர, ஒரு பிள்ளை மட்டும் மங்கலாக நின்றால் அது அந்தப் பிள்ளையின் மனதில் ரொம்ப நாள் நிற்கும். ஆகவே குழு உடையில் யார் வீட்டுத் துணி எது என்று தெரியவே கூடாது.

அதற்கு எல்லோரும் ஒரே சேலை வாங்க வேண்டியதில்லை. பார்வையாளர்களின் கண்ணுக்குத் தூரத்திலிருந்து முதலில் தெரிவது தலை, இடுப்பு, கை, ஓரப் பட்டை. இந்த நான்கும் எட்டுப் பேருக்கும் ஒன்றாக இருந்தால், உடம்புத் துணி அவரவர் வீட்டு அடர்நிறச் சேலையாக இருந்தாலும் குழு ஒன்றாகவே தெரியும்.

பொன்னாடையை நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் மூன்று இடுப்புக் கச்சை. மூன்று பொன்னாடை எட்டுப் பேருக்குப் போதும், ஒன்று மிஞ்சவும் செய்யும். ஒயிலாட்டத்தில் கையில் வீசும் துணி ஆளுக்கு இரண்டு வீதம் 16 வேண்டும். 45 செ.மீ. சதுரமாக வெட்டினால் சேலை அகலத்தில் இரண்டு வரும். 3.6 மீட்டரில் வேலை முடிந்தது. கனமான துணி வேண்டாம், காற்றில் எழாது. பழைய நைலக்ஸ் சேலை இதற்கு உசத்தி.

சாயம் போடுவதாக இருந்தால் பருத்தி வேட்டிகளை எல்லா வீட்டிலிருந்தும் சேர்த்து ஒரே அண்டாவில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் நிறம் வேறுபடும், தண்ணீரும் எட்டு மடங்கு செலவாகும். குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஊரில் அது முக்கியமான கணக்கு. பாலியஸ்டர் கலந்த வேட்டி சாதாரண சாயத்தைப் பிடிக்காது, முதலிலேயே பிரித்துவிடுங்கள். மஞ்சள்தூளில் நனைத்த நிறம் வெயிலில் வெளுக்கும் என்பதால் நிழலில் உலர்த்துங்கள்.

*மேடைக்கு முந்தின நாள்*

முழு உடையும் போட்டு, தலைச்சாமான் கட்டி, பாட்டைப் போட்டு ஒருமுறை முழுதாக ஆடச் சொல்லுங்கள். பத்துக் குதி, பத்து அரைமண்டி, நான்கு சுற்று. எது கழன்றாலும் வீட்டிலேயே கழலட்டும். ஒரு சின்னப் பையில் ஊசி, நூல், ஹூக், நாடா, கத்தரி வைத்து டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் உடையை அப்படியே சுருட்டிப் பெட்டியில் போடாதீர்கள். வியர்வை பட்டையும் ஜரிகையையும் சீக்கிரம் கெடுக்கும். நிழலில் காற்றாட விட்டு, பழைய வேட்டியில் சுற்றிவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

*பள்ளிக்கு ஒரு பெட்டி*

கடைசியாக ஒரு யோசனை. பிள்ளை வளர்ந்து உடை சிறுத்ததும் அதைப் பள்ளிக்கே கொடுத்துவிடுங்கள். எல்லா வீட்டிலிருந்தும் வருஷத்துக்கு ஒன்று வந்தாலே போதும், மூன்று நான்கு வருஷத்தில் பள்ளியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உடைகள் சேர்ந்துவிடும். யார் கொடுத்தது என்று பெயர் எழுத வேண்டாம். அளவை மட்டும் ஒரு துணித்துண்டில் எழுதித் தைத்துவிடுங்கள்: உயரம் 120, 130, 140 என்று.

அப்புறம் டீச்சர் வகுப்புக்கு வந்து, “யார் யார் ஆடுறீங்க?” என்று மட்டும் கேட்டால் போதும். அடுத்த நாள் காசு கொண்டுவரச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. உயர்ந்த கை உயர்ந்தபடியே இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்துதான் பாருங்களேன்!